கடல் சூட்டைப் பார்த்துப் பயந்தவள்

நான்சிக்குப் பயம் கூடவே பிறந்தது. இடி இடித்தால் மற்றக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடும். இவளும் காதைப் பொத்திக்கொள்வாள், ஆனால் ஓடமாட்டாள். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நிற்பாள். எண்ணிக்கை குறையக் குறைய முகம் வெளுத்துப்போகும். எதைக் கண்டு பயப்படுகிறாளோ அதை அளந்து பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

அப்பா பாக்கியசாமி நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். அவரும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனபோது நான்சிக்கு வயது ஒன்பது. அக்கா லூசியம்மாள் எட்டாம் வகுப்போடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்தாள். நான்சி படித்தாள். கணிதத்தில் பி.எஸ்சி., நூற்றுக்கு எண்பத்தேழு புள்ளி நான்கு. நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் அவர்கள் இருந்த ஓடைத் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் வாங்காத மார்க்கு அது. அவள் எழுதிய 7-ஐ யாரும் 1 என்று படித்ததில்லை. அவ்வளவு துலக்கமான கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் 2012 ஜூன் மாதம் சுரங்கத்தை ஒட்டிய மழைப்பதிவு அறையில் அவளை வேலைக்கு எடுத்தார்கள். பெர்மனென்ட் இல்லை, காண்ட்ராக்ட்தான். இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்கப் பழைய பதிவேடுகள். வெளியே கம்பி வேலிக்குள் மழைமானி. காலை எட்டரை மணிக்கு அதன் பாட்டிலை எடுத்து, தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி, பம்பு கண்ட்ரோல் அறைக்குப் போனில் சொல்ல வேண்டும். சுரங்கத்தின் அடியில் சேரும் மழைத்தண்ணீரை வெளியே இறைக்க எத்தனை பம்பு ஓட வேண்டும் என்பதை அவர்கள் அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்வார்கள்.

அறையின் பொறுப்பாளர் சோமசுந்தரம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மழையை வானத்தில் தேடக்கூடாது, கடலில் தேட வேண்டும் என்பார். அவர்தான் அவளுக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். பூமியின் மறுபக்கத்தில், பசிபிக் பெருங்கடலின் நடுவில், நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு நீளமான கட்டம் உண்டு. உண்மையில் அங்கே கட்டம் எதுவும் கிடையாது. படித்தவர்கள் வரைபடத்தில் போட்டுக்கொண்ட கோடுதான். அந்தக் கட்டத்துக்குள் கடல்நீர் வழக்கத்தைவிட எத்தனை டிகிரி கூடச் சூடாக இருக்கிறது என்று வாரம் ஒரு தடவை கணக்கு வெளியாகும். நம் ஊருக்கு அது செவ்வாய்க்கிழமை காலை வந்து சேரும். சூடு ஏறி, பல மாதம் இறங்காமல் நின்றால் அதற்கு எல் நினோ என்று பெயர்.

அறையில் இருந்த பிரின்டர் கறுப்பு வெள்ளை. கடல் வரைபடம் அதில் வெறும் சாம்பலாகத்தான் வரும். அதனால் செவ்வாய்தோறும் நான்சி கலர் பென்சிலை எடுத்து, கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்து, குளிர்ந்த இடத்துக்கு நீலமும் சூடான இடத்துக்கு மஞ்சளும் மிகச் சூடான இடத்துக்குச் சிவப்பும் தீட்டி, பலகையில் ஒட்டுவாள். கோட்டுக்கு வெளியே ஒரு கீற்றுப் போகாது.

2014 மே மாதம் அந்தக் கட்டத்தில் மஞ்சள் ஏறியது. நான்சி வீட்டுக்கு வந்து அக்கா வீட்டுக்காரர் துரைராஜிடம் சொன்னாள்: "மாமா, எல் நினோ வரப்போவுதாம். வந்தா மழ இருக்காதாம்."

துரைராஜ் எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டில் வயர்மேன். மைத்துனியின் படிப்பில் அவனுக்கும் பெருமைதான், ஆனால் அதைக் கிண்டலாகத்தான் காட்டுவான். டீக்கடையில் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். ஜூலையில் கடல் தானாக ஆறிப்போய்விட்டது. அந்த வருடம் மழையும் வழக்கம்போலப் பெய்தது. ஆறு மாதம் அவனை டீக்கடைத் தெருவில் "என்னா எல் நினோ வூட்டுக்காரரே" என்று கூப்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டான். நான்சி அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டாள்.

மறு வருடம் கடல் ஏமாற்றவில்லை. 2015 மார்ச்சிலிருந்தே சூடு ஏறியது. ஆகஸ்ட் முடிவதற்குள் இரண்டு டிகிரியைத் தொட்டுவிட்டது. பேப்பரில் போட்டார்கள், டிவியில் சொன்னார்கள்: எல் நினோ, பருவமழை பொய்க்கும், வறட்சி. துரைராஜ் பேப்பரை மடித்துக்கொண்டு வந்து சிரித்தான்.

"மச்சினிச்சி, இந்த வாட்டி மெய்யாவே வந்துட்டான் உன் ஆளு. மழ இல்லன்னு நீ தான சொன்ன? அப்ப நான் ஒரு வேல பண்றன் பாரு."

அவன் செய்த வேலை இதுதான். வீட்டின் பின்புறம் முந்திரித் தோப்பு மேட்டிலிருந்து ஒரு வாய்க்கால் இறங்கி ஓடைக்குப் போகிறது. இரண்டு மூன்று வருடமாக அதில் முழங்கால் தண்ணீர்கூட ஓடவில்லை. ஒரு மாதத்துக்குள் அதைச் செம்மண் கொட்டித் தூர்த்து, மேலே ஹாலோ பிளாக்கில் இரண்டு ரூம் எழுப்பி ஆஸ்பெஸ்டாஸ் போட்டான். தோப்புப் பக்கம், வாய்க்காலுக்குக் குறுக்கே, நீளமாக ஒரு சுவரும் வைத்தான். ரூமுக்குக் குடிவந்தவர்கள் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் ராஜாங்கமும் அவன் மச்சான் கண்ணையனும். விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம் ஊர்.

சுவர் எழும்பியபோது நான்சியும் கூட இருந்தாள். கொத்தனாருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். எல் நினோ என்றால் மழை இல்லை என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் கடைசியில் சோமசுந்தரம் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா நான்சி, பழைய ரிஜிஸ்டர எடுத்து, கடல் சூடா இருந்த வருசமெல்லாம் நம்மூர்ல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை எவ்வளவு மழைன்னு ஒரு பட்டியல் போடு. பம்பு செக்‌ஷன்ல கேக்காக."

"அந்த வருசமெல்லாம் மழ கொறைச்சலா தான சார் இருக்கும்?"

"யாரு சொன்னா? அது ஜூன் மாச மழைக்குச் சொல்லுதது. நமக்கு அதுவா மழை? நம்ம மழை ஐப்பசி மழைல்லா. எழுதிப் பாரு, தெரியும்."

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். தூசிப் பதிவேடுகளில் யார் யாரோ எழுதிய எண்கள். 1997 டிசம்பர் பக்கத்துக்கு வந்தபோது அவள் கை நின்றுவிட்டது. ஒரு நாளுக்கு ஒரு வரி போதாமல் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். எல்லா வருடமும் அப்படி இல்லை. இரண்டு வருடம் சாதாரணமாகத்தான் பெய்திருந்தது. ஆனால் ஒரு வருடம்கூட வறட்சி இல்லை. கூட்டிப் போட்டுவிட்டு, தப்பாக இருக்கும் என்று திரும்பக் கூட்டினாள். மூன்றாம் தடவையும் அதே எண்தான் வந்தது. வடக்கேயும் மேற்கேயும் மழையைத் தின்கிற அதே சூடுதான் கடலூர்க் கரையில் மழையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அதை அவள் பாதிதான் தெரிந்துகொண்டு, முழுவதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பாதியின் மேல்தான் இரண்டு ரூம் நிற்கிறது. அதில் இரண்டு பேர் படுத்துத் தூங்குகிறார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாது. சொன்னால், போன வருடம் மாதிரி ஆகிவிட்டால்? அக்டோபர் நடுவில் ஒரு நாள் சாப்பிடும்போது வாயைத் திறந்தாள்.

"மாமா, இந்த வருசம் ஒருவேள மழ ஜாஸ்தியா வரலாமாம்."

"யாரு சொன்னது?"

"பழைய ரிஜிஸ்டர் பாத்தன். ஒருவேளதான். வராமலும் போவலாம்."

துரைராஜ் சோற்றுக் கையோடு மனைவியைப் பார்த்தான். "பாத்தியா லூசி? போன வருசம் மழையே இல்லன்னா. இந்த வருசம் ஜாஸ்தின்றா. உன் தங்கச்சி கடலு என்னா பம்பரமா, நாளுக்கு ஒரு பக்கம் சுத்த?"

"அவ என்னாத்துக்குச் சொல்றான்னு கேளுங்க மொதல்ல."

"கேட்டனே. ஒருவேளன்றா. ஒருவேளைக்கு நான் ரெண்டு ரூம இடிக்க முடியுமா?"

நான்சி தட்டைக் கழுவ எழுந்துவிட்டாள். 'நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று அவள் மாமாவிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் எண் ஏறிக்கொண்டே வந்தது. நவம்பர் முதல் வாரம் அந்தக் கட்டத்துக்குள் மஞ்சள் தீட்ட இடமே இல்லை, முழுக்கச் சிவப்பு.

நவம்பர் பத்தாம் தேதி தீபாவளி. அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்கு இந்துக்கள் எல்லாரும் ஊருக்குப் போவார்கள். கிறிஸ்தவர்கள் டூட்டி பார்ப்பார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் மாற்றிக்கொள்வார்கள். யாரும் போட்ட உத்தரவு இல்லை. சோமசுந்தரம் சனிக்கிழமையே ரயில் ஏறிவிட்டார். காலைக்கு நான்சி, மதியத்துக்கு அதே அறையில் வேலை பார்க்கும் ஜெபின் என்று முடிவாகியிருந்தது.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று ரேடியோ சொன்னது ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலமே மழை பிடித்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு நான்சி கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தபோது தெருவில் கணுக்கால் தண்ணீர். எட்டரைக்கு மழைமானியின் பாட்டில் நிரம்பி வெளி டப்பாவிலும் வழிந்திருந்தது. இரண்டையும் சேர்த்து அளந்தாள். குடை பயனில்லை, புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பம்பு கண்ட்ரோல் அறையிலிருந்து போன் வந்தது: இனிமேல் மணிக்கு ஒரு தடவை சொல்லுங்கள்.

ஒன்பதரைக்கு முப்பத்தொரு மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்தில் இவ்வளவு எழுதியதாக அவளுக்கு நினைவில்லை. பத்தரைக்கு ஐம்பத்தெட்டு.

ஐம்பத்தெட்டு என்று போனில் சொன்னபோது அந்தப் பக்கம் இருந்தவர், "திரும்பச் சொல்லுங்க மேடம்" என்றார். திரும்பச் சொன்னாள். முந்திரி மேடு அவள் கண்முன் வந்தது. அத்தனை ஏக்கர் மேட்டிலும் ஒரு மணி நேரத்தில் விழுந்த அத்தனை தண்ணீருக்கும் இறங்க ஒரே ஒரு வாய்க்கால். அதன் குறுக்கே ஒரு சுவர்.

தன் செல்போனை எடுத்து அக்காவுக்கு அடித்தாள். நாலாவது மணியில் எடுத்தாள் லூசியம்மாள்.

"அக்கா, பின்னாடி தண்ணி எவ்ளோ நிக்குது?"

"செவுத்துக்கு அந்தாண்ட இடுப்பு ஒயரம் இருக்கும் போலடி. உங்க மாமா மூட்ட அடுக்கிகினு இருக்காரு."

"ராஜாங்கம் அண்ணன் எங்க?"

"ரூம்லதான். ரெண்டு பேரும் டபுள் டூட்டி பாத்துட்டு விடியக் காத்தால வந்து படுத்தாங்க. சாயங்காலம் ஊருக்குப் போவணுமாம்."

"எழுப்புக்கா."

நெய்வேலியைச் சுற்றி யார் வீட்டிலும் இது எழுதாத சட்டம்: நைட் ஷிப்டு முடித்துப் படுத்தவன் கதவை யாரும் தட்டக்கூடாது. பால்காரன் தட்டமாட்டான், போஸ்ட்மேன் தட்டமாட்டான். சாவு செய்தியைக்கூட ஜன்னலருகே நின்று மெல்லத்தான் சொல்வார்கள். தூக்கம் கெட்டு மறுநாள் சுரங்கத்துக்குள் இறங்கினவன் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நைட்டு பாத்துட்டு வந்த ஆம்பளைங்க கதவ நான் எப்பிடி நான்சி தட்டுறது? செவுரு கெட்டியாத்தான் இருக்குதுன்றாரு உங்க மாமா."

"மாமா கிட்ட குடுக்கா."

மழை ஓட்டில் அறையும் சத்தம் போனுக்குள் பெரிதாகக் கேட்டது. பிறகு துரைராஜின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"என்னா நான்சி? இங்க ஏகப்பட்ட வேல கெடக்குது."

"மாமா, அவுங்கள வெளிய கூப்பிடுங்க. செவுரு நிக்காது."

"ஒருவேளையா?"

கேலியாகக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் நிறுத்தாமல் பேசினாள்.

"போன வருசம் நான் சொன்னது தப்பு மாமா. அரகொறையா தெரிஞ்சிகினு சொல்லிட்டன். நீங்க அத நம்பித்தான் வாய்க்கால தூத்தீங்க. அதுக்கு என்ன திட்டறதுன்னா சாயங்காலம் திட்டுங்க. இப்ப கடல விடுங்க. நான் என் கையால அளந்தத சொல்றன். ஒரு மணி நேரத்துல அம்பத்தெட்டு. இன்னும் கொறையவே இல்ல. மூட்ட அடுக்கறத நிறுத்துங்க மாமா. செவுத்துப் பக்கம் நிக்காதீங்க. கதவ ஒடச்சாவது அவுங்கள..."

போன் செத்துவிட்டது. திரும்ப அடித்தாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. மறுபடி அடித்தாள். மறுபடி. அவன் எவ்வளவு கேட்டான், எந்த இடத்தில் அறுந்தது, ஒன்றும் தெரியாது.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வாசல்வரை போய்விட்டாள். வடக்குத்து ஐந்து கிலோமீட்டர்; பஸ் ஓடுமா தெரியாது. இங்கே பதினொன்றரைக்கு அளக்க அவளைத் தவிர ஆள் கிடையாது. சுரங்கப் பள்ளத்தின் அடியில் பம்புகளோடு ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களை எப்போது மேலே ஏற்றுவது என்பதும் இந்த எண்ணைப் பார்த்துத்தான். அவள் வாசற்படியில் நின்று ஜெபமாலையைத் தேடினாள். அது வீட்டில் இருந்தது. விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே மாதாவின் அருள்நிறை மந்திரம் சொன்னாள். பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டது. அவளுக்கு எண்ணிக்கை தப்பியது அன்றைக்குத்தான்.

பதினொன்றரைக்கு நாற்பத்தாறு. பன்னிரண்டரைக்கு ஐம்பத்தொன்று. ஒவ்வொரு தடவையும் வேலிக்குள் போய், பாட்டிலை மாற்றி, குடுவையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படித்தாள். பதிவேட்டில் அந்த நாளின் எண்களைப் பிற்பாடு பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைச் சொன்னார்கள்: ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. இடையிடையே அக்காவின் நம்பரை அடித்தாள். நாற்பத்துமூன்று தடவை. அதே குரல், அதே வார்த்தை. ஒவ்வொரு தடவையும் சுவர் அவள் மனதுக்குள் ஒரு விதமாக விழுந்தது. ஒரு தடவை ரூமின் மேல், ஒரு தடவை மூட்டை அடுக்கும் மாமாவின் மேல். கடைசியில் கதவருகே நிற்கும் அக்காவின் மேல்.

ஜெபின் இரண்டு மணிக்கு வர வேண்டியவன். மூன்றேகாலுக்கு, பேன்ட்டைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். "ரோடு எங்க இருக்குதுன்னே தெர்ல அக்கா. கல்வெர்ட்டு மேல தண்ணி போவுது" என்றான். அவள் பதிவேட்டைக் காட்டி, எதில் நிறுத்தியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

டவுன்ஷிப்பின் மேட்டு ரோடுகள் வரை பரவாயில்லை. டவுன்ஷிப்பின் நுழைவு வளைவைத் தாண்டியதும் தண்ணீர் செம்மண் நிறத்தில் இடுப்பைப் பிடித்து இழுத்தது. முந்திரிக் கிளைகளும் ஒரு சைக்கிளும் அதில் மிதந்து போயின. எதிரே மூட்டை முடிச்சோடு வந்த ஒரு பெண்ணிடம், "ஓடத் தெருவுல யாருக்காவது எதுனா..." என்று கேட்க ஆரம்பித்தாள். அந்தப் பெண், "ரெண்டு மூணு வூடு போயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். நான்சி மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள்.

மெயின் ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு சிமெண்ட் கடையின் முகப்பில் பத்திருபது பேர் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக, தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு லூசியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்த பிறகும் நான்சியின் கண் சுற்றிச் சுற்றி எண்ணியது. மாமா நெற்றியில் துணி கட்டிக்கொண்டு நிற்கிறான். ராஜாங்கம் லுங்கியோடு, வெற்றுடம்பில் சாக்கைப் போர்த்திக்கொண்டு இருக்கிறான். மூன்று பேர்.

"கண்ணையன் அண்ணன்?" என்றாள்.

"ஆஸ்பத்திரியில" என்றாள் லூசியம்மாள். "கால் ஒடஞ்சிருக்கு. உசுருக்கு ஒண்ணும் இல்ல. உக்காரு மொதல்ல. உக்காருடி."

நடந்ததை லூசியம்மாள்தான் சொன்னாள். போன் அறுந்ததும் துரைராஜ் ஒரு நிமிடம் மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றானாம். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, ரூம் கதவைக் காலால் உதைத்தானாம். உள்ளே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்திருந்த ராஜாங்கம் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே எழுந்து வந்து, வாசலில் ஓனரைப் பார்த்து விழித்தானாம். இருவரும் வெளியே வந்தாயிற்று. அப்போதுதான் கண்ணையன், குழந்தைக்கு எடுத்த தீபாவளித் துணி உள்ளே இருக்கிறது என்று திரும்ப ஓடினான். சுவர் அந்த நேரம் பார்த்துச் சாய்ந்தது. இரண்டு ரூமும் ஒரே அலையில் போயின. அவனை பிளாக்குக்கு அடியிலிருந்து துரைராஜும் ராஜாங்கமும் இழுத்தார்கள்.

"நீ போன் பண்ணாம இருந்தா தூங்கிகினே போயிருப்போம் தங்கச்சி" என்றான் ராஜாங்கம். குளிரில் பல் தந்தியடித்ததால் பேச்சு உடைந்து உடைந்து வந்தது.

போன வருடம் நான் சொல்லாமல் இருந்திருந்தால் அங்கே ரூமே இருந்திருக்காதே என்றுதான் நான்சிக்குத் தோன்றியது. மாமா திட்டுவான் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள்.

துரைராஜ் பக்கத்தில் வந்து குந்தினான். முழங்கையில் தோல் வழன்றிருந்தது. மழையையே பார்த்துக்கொண்டு கேட்டான்:

"இதோட விட்டுடுமா நான்சி?"

"தெரியல மாமா."

"உன் ரிஜிஸ்டரு என்னா சொல்லுது?"

"தொண்ணூத்தேழுல டிசம்பர்லதான் பெருசா பெஞ்சிருக்குது. கடல் அப்பிடியே சூடாத்தான் இருக்குது மாமா, கொறையல. வரும்னு என்னால சொல்ல முடியாது. வராதுன்னும் சொல்ல முடியாது. எனக்கு பயமா இருக்குது."

"ம்" என்றான் துரைராஜ். எழுந்தான். "லூசி, அந்த வாய்க்கால நான் திரும்ப நோண்டற வரைக்கும் அந்த வூட்டுல யாரும் படுக்கக்கூடாது. சாமியார கேட்டுகினு மாதா கோயில் ஹால்ல தங்கிக்கலாம்."

பிறகு அந்த முகப்பில் ஒண்டிக்கொண்டிருந்தவர்களிடம், ஓடைத் தெருக்காரர்கள் யார் யார் என்று கேட்டு, ஒவ்வொருவரிடமும் போய் அதையே சொன்னான். ஒருவன், "யாரு, உங்க எல் நினோ சொல்லிச்சா?" என்று இழுத்தான். துரைராஜ் அவனைப் பார்த்தான்.

"ஆமா. அதான் சொல்லிச்சு. பொண்டாட்டி புள்ளைய கூட்டிகினு கெளம்பு" என்றான்.

மழை இன்னும் விடவில்லை. நான்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வயதில் பிடித்த மாதிரியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கோயில் இருந்த மேட்டை நோக்கித் தண்ணீரில் இறங்கினாள்.